பத்துப் பேரில் இல்லாத பெயர்

நான் மொன்றியலுக்குப் போனது ஊர் பார்க்க அல்ல, மன்னிப்புக் கேட்க. அறுபது வயதில், முழங்கால் வலியோடு, மன்னாரிலிருந்து ஒரு இருபத்தொரு வயதுப் பொடியனிடம் மன்னிப்புக் கேட்க விமானம் ஏறிய கணக்கு ரீச்சர் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சமாதான காலம், பாதை திறந்திருந்தது. இப்போது போகாவிட்டால் பிறகு எப்போது என்று போய்விட்டேன்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் தம்பி அன்ரன் மொன்றியலில் ஒரு ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போகிற வேலை செய்கிறான். அவனுக்குப் பிடித்த பைத்தியம் பேஸ்போல். அதிலும் பெரிய அணியின் ஆட்டம் அல்ல. பெரிய அணி ஒவ்வொன்றுக்கும் அமெரிக்கச் சிற்றூர்களில் நாலைந்து சின்ன அணிகள் உண்டு. நாற்றுமேடை என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நூறு பொடியன்கள் விளையாடுவார்கள், மேலே வருவது ஒரு சிலர்தான். அந்த ஒரு சிலர் யார் என்று முன்கூட்டியே சொல்வதுதான் என் தம்பியின் வித்தை. ஒவ்வொரு மார்கழியும் மொன்றியல் அணியின் பொடியன்களில் பத்துப் பெயரை ஒரு காகித மட்டையில் எழுதித் தமிழ்க் கடையில் அரிசி மூட்டைகளுக்கு மேலே தொங்கவிடுவான். சனம் பால்மாவை விட்டுவிட்டு அந்த மட்டைக்கு முன்னால் நின்று வாதாடும்.

அவனுடைய ஒரே மகன் றொஷான் பந்து எறிபவன், பிட்சர் என்பார்கள். பள்ளிக்கூடத்தில் தொடங்கி நன்றாக எறிந்து, பத்தொன்பது வயதில் மொன்றியல் அணியே அவனைத் தெரிவு செய்து நாற்றுமேடையின் ஆகக் கடைசி அணிக்கு அனுப்பியது. எங்கள் சனத்துக்கு அது பெருநாள். அந்த மார்கழியில் கடை மட்டையில் அவன் எத்தனையாவது என்று பார்க்க எல்லோரும் காத்திருந்தார்கள்.

அப்போதுதான் நான் ரெலிபோனில் என் வாயைத் திறந்தேன். “சொந்தப் பிள்ளையை ஊர் பாக்கத் தூக்கி வைக்காதை. கண்படும். நாலுபேர் வாயில விழுந்தால் பிள்ளையின்ர கை என்னத்துக்காகும்?” என்றேன். தம்பி “ஓம் அக்கா” என்றான். மட்டையில் பெயர் வரவில்லை.

நத்தார்ப் பண்டிகைக்கு வீட்டுக்கு வந்த றொஷான் தாய்க்குத் தேங்காய்ப்பால் வாங்கக் கடைக்குப் போய் மட்டையைப் பார்த்தான். அடுத்த கோடையில் அவன் எறிந்த பந்தெல்லாம் எங்கெங்கோ போனதாம். பாதியிலேயே அணி அவனை அனுப்பிவிட்டது. அவன் வீட்டுக்கு வரவில்லை. பக்கத்து நகரமான லவாலில் ஒரு தளபாடக் கடையில் சாமான் ஏற்றி இறக்குகிறான், தகப்பனோடு கதைப்பதில்லை. பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்தது என் வாய்தான் என்று ஒன்றரை வருஷமாக நான் சரியாகச் சாப்பிடவில்லை.

விமான நிலையத்துக்குத் தம்பி ஆஸ்பத்திரி நீலச் சட்டையோடே வந்திருந்தான். பதினெட்டு வருஷம் கழித்துக் காண்கிறேன். தலை முழுக்க வெளுத்துவிட்டது. “என்னடா கிழவனாப் போனாய்?” என்றேன். “நீங்கள் பெரிய குமரியோ?” என்று சிரித்தான், பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதான். புரட்டாதி மாதம்தான், ஆனாலும் அந்தக் குளிர் என் முழங்காலைத் தேடிப் பிடித்தது.

வீடு கோட்-டெ-நெய்ஜில் மூன்றாம் மாடி. படியேறும்போது ஒவ்வொரு தட்டிலும் ஒவ்வொரு நாட்டுக் கறி வாசம். தம்பியின் மனைவி, மச்சாள் றெஜினா, ஒரு கார்டெறியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை செய்து களைத்து வந்தும் புட்டும் முரல் மீன் குழம்பும் வைத்திருந்தாள். ஐஸில் எத்தனை மாதம் கிடந்த முரலோ, பஞ்சாக இருந்தது. கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறவள் நான், எனக்குத் தெரியாதா? “நல்லாயிருக்கு” என்று சொல்லி இரண்டாம் முறையும் போட்டுச் சாப்பிட்டேன். மேசையில் மூன்று சாப்பாட்டுக் கோப்பை. உள் அறை ஒன்றின் கட்டிலில் விரிப்புச் சுருக்கமில்லாமல் விரித்திருந்தது. அந்த அறைக்காரனின் பெயரை யாரும் எடுக்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து தம்பி என்னைக் கடைக்குக் கூட்டிப்போனான். அரிசி மூட்டைகளுக்கு மேலே ஆணி மட்டும் இருந்தது. கடைக்காரர் பாசையூர் ஆள், வாய் சும்மா இராது. “இனி என்ன லிஸ்ட் அக்கா? மொன்றியல் ரீமே ஊரை விட்டுப் போகுது. புதன்கிழமை கடைசி ஆட்டம். ஆனால் ஒண்டு சொல்லுறன், உங்கட தம்பி கடைசியா எழுதின லிஸ்ட் இருக்கே, அதுதான் திறம். ஆறு பேர் மேல போயிட்டாங்கள்.” தம்பி பருப்புப் பைக்கற்றின் விலையைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டான். றொஷானின் பெயர் வராத அதே மட்டை; பிறகு அவன் எழுதவே இல்லை.

வெளியே வந்து சூசையப்பர் கோவில் மலையில் ஏறினோம். முழந்தாளில் படியேறுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே, எப்படித்தான் கண்டுபிடிக்கிறாய் என்று கேட்டேன். நோயாளிகள் விட்டுப்போகும் பேப்பர்களில் சின்ன எழுத்தில் வரும் எண்களைத்தான் பார்க்கிறானாம். “கன ஓட்டம் அடிக்கிறவனைப் பாக்கக்கூடாது அக்கா. வயசைப் பாக்கவேணும். இருபத்தைஞ்சு வயசுக்காரனுக்கு எதிரா இருபது வயசுப் பொடியன் பாதியளவு அடிச்சாலும் அவன்தான் கெட்டிக்காரன். பேந்து, அடிக்கக்கூடாத பந்தை அடிக்காமல் விடத் தெரியுதோ எண்டு பாக்கவேணும். எறியிறவனை நம்பேலாது, தோள் எப்பவும் போகலாம். பத்துப் பேரில மூண்டு எறியிறவனுக்கு மேல நான் போடுறேல்லை.”

எனக்கு உடனே விளங்கியது. எட்டாம் வகுப்பில் இருந்துகொண்டு பத்தாம் வகுப்புக் கணக்கில் ஐம்பது எடுக்கிற பிள்ளையை நானும் அப்படித்தான் பிடித்திருக்கிறேன். முப்பது வருஷம் பெறுபேற்றுப் பட்டியல் ஒட்டியவள் நான். தன் பெயர் இல்லாத பட்டியலை ஒரு பிள்ளை முதலில் வேகமாகப் பார்க்கும், பிறகு மேலிருந்து ஒவ்வொன்றாகப் பார்க்கும், பிறகு கீழிருந்து பார்க்கும். றொஷான் கையில் தேங்காய்ப்பால் ரின்னோடு அப்படித்தான் நின்றிருப்பான்.

செவ்வாய்க்கிழமை தம்பி வேலைக்குப் போனபின் மச்சாள் ஒரு டப்பாவில் றொஷானுக்குக் கோழிக்கறி போட்டுத் தந்தாள். அவள் மட்டும் மகனை இடைக்கிடை போய்ப் பார்க்கிறாள், தம்பிக்குத் தெரிந்தும் தெரியாததுபோல் இருக்கிறான். “செம்மஞ்சள் கோட்டு மெற்றோவில கடைசி ஸ்டேசன் மட்டும் போங்கோ மச்சாள். பேந்து பஸ்” என்றாள். செம்மஞ்சள் கோட்டுக்கு இரண்டு கடைசி உண்டென்று அவளும் சொல்லவில்லை, கணக்குப் படிப்பித்த எனக்கும் தோன்றவில்லை. கோடென்றால் இரண்டு முனை இருக்கும் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.

மற்ற முனையில் இறங்கி, சனம் வரிசையாக நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டேன். அது மேற்கே போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. ஒரே மாதிரி வீடுகள், ஒரே மாதிரிப் புல். எங்கள் ஊரில் என்றால் ஒரு கழுதையாவது குறுக்கே வந்து பஸ்ஸை நிறுத்தியிருக்கும், நானும் வாயைத் திறந்து கேட்டிருப்பேன். கடைசியில் ரொக்ஸ்பரோ என்றார்கள், ரயில் நிலையம் இருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பக்கத்தில் நின்ற கறுப்பினப் பெண், வழி தவறிவிட்டாயா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஹெயிற்றி நாட்டுக்காரி, ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை, இரவு வேலை முடித்து வீடு திரும்புகிறாள். நகரத்துக்குத் திரும்ப எனக்கு ரயில் ரிக்கற் எடுத்துத் தந்து, ரயில் வரும்வரை தன் அப்பிளில் பாதியையும் தந்தாள். யாரைப் பார்க்கப் போகிறாய், மகனையா என்று கேட்டாள். தம்பியின் மகனை என்றேன், கதையையும் சொன்னேன். முன்பின் தெரியாதவர்களிடம் சொல்வதுதான் எத்தனை சுலபம்! அவள் அப்பிளைக் கடித்துக்கொண்டே, “அப்படியானால் ஏன் நீ போகிறாய்? தகப்பன் ஏன் போகவில்லை?” என்றாள். எனக்கு உள்ளுக்குள் கோபம் வந்தது. கேள்வி சரியாக இருந்ததுதான் காரணம்.

புதன்கிழமை மாலை தம்பியோடு கடைசி ஆட்டத்துக்குப் போனேன். இந்த வருஷமெல்லாம் காக்காய்கூட இல்லாமல் கிடந்த மைதானமாம், அன்றைக்குச் சாவீடுபோல் நிறைந்திருந்தது. பெரியவர்கள் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு அழுதார்கள். எங்களுக்குப் பின்வரிசையில் ஒரு கிழவர் தன் மனைவியிடம் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். தம்பி மொழிபெயர்த்தான்: “எங்களைவிட்டுப் பிள்ளைகள் போனார்கள், இப்போது இவர்களும் போகிறார்கள்.” தம்பி எனக்குப் பூட்டீன் வாங்கித் தந்தான். பொரித்த உருளைக்கிழங்கின் மேல் பாற்கட்டியும் குழம்பும். பாற்கட்டி பல்லில் கீச்சிட்டது. இதை யார்தான் யோசித்துக் கண்டுபிடித்தார்களோ!

தம்பி ஆடுகளத்தில் நின்றவர்களைக் காட்டினான். “உவன் என்ர லிஸ்டில ரெண்டாவது. அந்தா, அங்கை நிக்கிறவன் ஏழாவது. நான் போட்டனான் எண்டு அவனுக்குத் தெரியாது.” மூன்று மாதப் பிள்ளையிலிருந்து வளர்த்தவனைப்போல் சொன்னான். இனி அவர்கள் அமெரிக்காவின் தலைநகருக்குப் போய் விளையாடுவார்கள்.

எனக்குத் தாங்கவில்லை. “தம்பி, நான் லவாலுக்குப் போறன். அந்தப் பேரைப் போடவேண்டாம் எண்டு சொன்னது நான்தான் எண்டு றொஷானிட்டைச் சொல்லப்போறன்.”

“எந்தப் பேரை? நீங்கள் எப்ப சொன்னனியள்?”

“ரெலிபோனில! கண்படும் எண்டு சொன்னனான்.”

தம்பி யோசித்துப் பார்த்தான். அவனுக்கு ஞாபகமே இல்லை. ஒன்றரை வருஷம் நான் சுமந்த பாவம் அவன் காதிலேயே ஏறவில்லை! பிறகு களத்தைப் பார்த்தபடியே சொன்னான்: “அதுக்காக விடேல்லை அக்கா. என்ர கணக்குக்கு அவன் வரேல்லை. பத்துக்குள்ள இல்லை, இருபதுக்குள்ளயும் இல்லை. மூண்டு தரம் கூட்டிப் பாத்தனான்.”

“சும்மா ஒரு பேர்தானேடா! பத்தாவதா எழுதினால் உன்ர கை முறிஞ்சா போகும்?”

“நான் இந்த நாட்டுக்குப் பேரை மாத்தி, வயசை மாத்தி வந்தனான் அக்கா. எழுதிக் குடுத்த கடுதாசி எல்லாத்திலயும் ஏதோ ஒரு பொய். நான் உண்மையா எழுதினது உந்த லிஸ்ட் ஒண்டுதான்.” அவன் தொப்பியால் முகத்தைத் துடைத்தான். “அவன் கேட்டிருந்தால் சொல்லியிருப்பன். அவன் கேக்கேல்லை.”

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது நிம்மதி. மாதாவே, நான் இல்லை, நான் இல்லை என்று மனம் குதித்தது. அடுத்த நிமிஷமே வெட்கமாகிவிட்டது. என் பாவம் இறங்கியதென்றால் அது முழுதும் இவன் தலையில் அல்லவா ஏறி உட்கார்ந்திருக்கிறது?

சனிக்கிழமை, மச்சாள் புதிதாகச் சமைத்துத் தந்த கோழிக்கறியோடு சரியான முனைக்குப் போனேன், சரியான பஸ்ஸும் ஏறினேன். லவாலில் கடைகள் மைதானம் மைதானமாகக் கிடக்கின்றன, நடந்து போகிற ஆள் நான் மட்டும்தான். றொஷான் ஒரு சோபாவைத் தனியே முதுகில் தூக்கி வந்துகொண்டிருந்தான். என்னைக் கண்டதும் இறக்கி வைத்துவிட்டு “மாமி?” என்றான். படத்தில் பார்த்ததைவிட உயரம். தம்பியின் அதே நெற்றி.

பத்து மணிக்கு இடைவேளை. வெளியே வாங்கில் உட்கார்ந்து கோழிக்கறியை விரலால் எடுத்துத் தின்றான். அவனுக்குத் தமிழ் வரும், ஆனால் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுக்கவேண்டும்.

“அப்பா அனுப்பினவரோ?”

“இல்லை. நானா வந்தனான். எத்தினை நாளைக்கு உப்பிடி இருக்கப்போறாய்?”

அவன் எலும்பை டப்பா மூடியில் வைத்தான். “அப்பாக்குக் கோபம் எண்டால் பரவாயில்லை மாமி. அப்பா பிழை விடமாட்டார், அதுதான் பிரச்சினை. எல்லாருக்கும் தெரியும், அவர் சொன்னால் சரி. நான் லிஸ்டில இல்லை. பேந்து நான் பந்தை எடுக்கேக்கை எல்லாம் நினைச்சன், சரி, இது போகாது, அப்பாக்கு முதலே தெரியும்.” அவன் வலது கையை விரித்து மடக்கினான். “கோச் சொன்னால் நான் நம்பமாட்டன். அப்பா சொன்னால் நம்புவன்.”

முப்பது வருஷத்தில் ஒரு பிள்ளைக்கும் நான் ஒரு புள்ளி சும்மா போட்டதில்லை. தாய்மார் வாசலில் வந்து நின்று அழுதபோதும் போட்டதில்லை. அன்றைக்கு என் வாய் தானாகத் திறந்தது.

“உன்ர பேர் இருந்தது. நான்தான் எடுக்கச் சொன்னனான்.”

அவன் மெல்லுவதை நிறுத்தினான். கண்படும் என்று பயந்ததை, எங்கள் சனம் சொந்தப் பிள்ளையை வாய்விட்டுப் புகழாத வழக்கத்தை எல்லாம் சொன்னேன். அதெல்லாம் உண்மைதானே, தடுமாறாமல் வந்தது. “என்னை ஏசு. அப்பாவை ஏசாதை” என்றேன்.

அவன் ஏசவில்லை. “எத்தினையாவது?” என்று கேட்டான்.

இதை நான் யோசித்துக்கொண்டு போகவில்லை. “நாலாவது” என்றேன்.

“நாலு.” அவன் மனதுக்குள் பட்டியலை ஓட்டுவது தெரிந்தது, உதடு அசைந்தது. அந்தப் பத்துப் பெயரும் அவனுக்கு மனப்பாடம். “அப்ப என்னோடை நாலு பிட்சர் வரும். அப்பா மூண்டுக்கு மேல போடமாட்டார். ஆரையோ எடுத்திருக்கவேணும்.”

“உனக்காக எடுத்திருப்பார். எனக்கென்ன தெரியும் உந்தப் பந்து விளையாட்டு! நாளைக்கு எனக்குப் பயணம். மத்தியானம் வந்து என்னோடை ஒருக்காச் சாப்பிடு” என்று எழும்பிவிட்டேன்.

வருவான் என்று நான் நம்பவில்லை. அதனால் தம்பியிடம் ஒன்றும் சொல்லவும் இல்லை, அது என் மடத்தனம். ஞாயிறு பூசை முடிந்து வந்து, மச்சாள் சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது கதவு தட்டும் சத்தம் கேட்டது. தம்பி போய்த் திறந்தான். வெளியே றொஷான். மச்சாள் அகப்பையோடு ஓடிவந்து மகனைக் கட்டிப்பிடித்தாள்.

நாலு கோப்பை வைத்தாள். றொஷான் சாப்பிடத் தொடங்கவில்லை. தகப்பனைப் பார்த்துக் கேட்டான்: “அப்பா, மாமி சொன்னவ. நான் நாலாவதோ?”

தம்பி சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. என்னைப் பார்த்தான். எனக்கு அவன் கண்ணைப் பார்க்க முடியவில்லை, ஆனாலும் பார்த்தேன். இந்த மனிதன் கட்டிலில் சாகக் கிடந்தால்கூட ஒரு எண்ணை மாற்றமாட்டான் என்று எனக்குத் தெரியும்.

“ஓம்” என்றான் தம்பி. “நாலு.”

“உண்மையா?”

“உண்மையா.”

பிறகு எல்லோரும் சாப்பிட்டோம். றொஷான் கோழிக்கறி இரண்டாம் முறை கேட்டு வாங்கினான். அந்த அணி போய்விட்டதைப் பற்றித் தகப்பனும் மகனும் நாலு வார்த்தை பிரெஞ்சில் கதைத்தார்கள். மச்சாள் அழுதுகொண்டே பரிமாறினாள். போகும்போது அடுத்த ஞாயிறும் வாறன் என்றான்.

கார் வரைக்கும் நான் அவனோடு படியிறங்கினேன். கதவைத் திறந்தவன் திரும்பி நின்றான்.

“மாமி, அப்பா பொய் சொன்னவர்.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவன் என் கையைப் பிடித்தான். “லிஸ்ட் சொல்லேக்கை அப்பா ஒருத்தரையும் பாக்கிறேல்லை. இண்டைக்கு உங்களைப் பாத்தவர்.” அவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை, கண் நிறைந்துவிட்டது. “பரவாயில்லை. அப்பா லிஸ்டில பொய் சொல்லமாட்டார். எனக்காகச் சொன்னவர்தானே, எனக்கு அதுவே போதும். எனக்குத் தெரியும் எண்டு அவருக்குச் சொல்லாதேங்கோ.”

கார் போனபின் மூன்று மாடியும் நின்று நின்று ஏறினேன். மச்சாள் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். தம்பி மேசையை விட்டு எழும்பவில்லை, கை கழுவவும் இல்லை, விரல்களில் சோறு காய்ந்துபோயிருந்தது.

“நம்பினவனோ அக்கா?” என்று கேட்டான்.

“ஓம்” என்றேன். “நம்பிட்டான்.”

தம்பி அந்தக் காய்ந்த கையாலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.